தகரம் பறக்கவில்லை, தரைதான் விட்டுக்கொடுத்தது



ஐப்பசி பிறந்துவிட்டால் நம் பகுதிக் கடைக்காரர்களுக்கு இரண்டு கவலைகள். ஒன்று தீபாவளிச் சரக்கு. மற்றொன்று வானொலியில் வரும் வானிலை அறிக்கை. சரக்கு இந்தப் பண்டிகைக்கு விற்காவிட்டால் பொங்கலுக்கு விற்றுவிடும். ஆனால் கடைக்கு முன்னால் நிற்கும் தகரச் சாய்ப்பு ஒருமுறை கிளம்பிவிட்டால் அது திரும்பி வருவதில்லை. போகும்போது அடுத்தவர் கூரையையோ, சாலையில் போகிற ஒருவரின் தலையையோ பதம் பார்க்காமலும் போவதில்லை.

கிருமாம்பாக்கத்தில் இரும்பு, சிமெண்ட் வியாபாரம் செய்யும் நாம் இதைப் பிறர் சொல்லிக் கேட்டு எழுதவில்லை. 2011 டிசம்பர் 30 விடியற்காலை ‘தானே’ புயல் கடலூருக்குச் சற்றுத் தெற்கே கரையைக் கடந்தது. மணிக்கு 120 முதல் 140 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தது. நம் கடைக்கு முன்னால் 20 அடிக்கு 10 அடியில் நான்கு கால் நிறுத்தி ஒரு சாய்ப்புப் போட்டிருந்தோம். காற்று ஓய்ந்து வந்து பார்த்தபோது சாய்ப்பு அங்கே இல்லை. பின்பக்கத்து வயலில் கவிழ்ந்து கிடந்தது.

நண்பர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்: அந்தச் சாய்ப்பில் ஒரு வெல்டிங்கூட விடவில்லை. ஒரு பைப்பும் ஒடியவில்லை. நான்கு கால்களின் அடியிலும் குழியில் ஊற்றிய கான்கிரீட் உருண்டை அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. முள்ளங்கியைப் பிடுங்கிப் போட்டதுபோல் வேரோடு வந்திருந்தது. இரும்பு தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. தரைதான் விட்டுக்கொடுத்துவிட்டது.

சாய்ப்பு போனதால் மழைச்சாரல் உள்ளே புகுந்து நனைந்த சிமெண்ட் மூட்டைகளின் கணக்கை இங்கே எழுதப் போவதில்லை. அதைவிடப் பெரிய கணக்கு ஒன்று மனதில் உறுத்தியது. அதற்கு அடுத்த இரண்டு வாரங்களில் புதிய சாய்ப்பு போடுவதற்கென்று நம்மிடம் பைப்பும் ஷீட்டும் வாங்கிப் போனவர்கள் ஏராளம். எத்தனை கேஜ், எத்தனை நீளம், என்ன கலர் என்று எல்லாம் கேட்டோம். குழி எத்தனை அடி என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

காற்று எப்படித் தூக்குகிறது?

காற்று கூரையை மேலிருந்து அழுத்தும் என்றுதான் பலர் நினைக்கிறோம். முன்பக்கம் திறந்த சாய்ப்பில் நடப்பது நேர்மாறானது. அடியில் புகுந்த காற்று மேல்நோக்கித் தள்ளுகிறது. மேலே வழிந்தோடும் காற்று உறிஞ்சி இழுக்கிறது. இரண்டும் சேர்ந்து கூரையைத் தூக்குகின்றன.

எவ்வளவு பலத்தில் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும். மணிக்கு 90 கி.மீ. காற்று ஒரு சதுர அடிக்குச் சுமார் மூன்றரைக் கிலோ விசை தரும். 140 கி.மீ. காற்று எட்டரைக் கிலோ தரும். நம் கடலோரப் பகுதிக் கட்டடங்களுக்கு இந்தியத் தர நிர்ணயம் 875, மூன்றாம் பாகம், வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. காற்றை அடிப்படையாகக் கொள்ளச் சொல்கிறது. அந்த வேகத்தில் சதுர அடிக்கு 14 கிலோ.

இனி 20 அடிக்கு 10 அடிச் சாய்ப்பை எடுத்துக்கொள்வோம். பரப்பு 200 சதுர அடி. 140 கி.மீ. காற்றில் தூக்குவிசை சுமார் 1,700 கிலோ. ஷீட், பைப், பர்லின் எல்லாம் சேர்த்துச் சாய்ப்பின் சொந்த எடை 300 கிலோ என்று வைத்துக்கொண்டால், மீதி 1,400 கிலோவை நான்கு கால்கள் தரையோடு பிடித்து நிறுத்த வேண்டும். ஒரு காலுக்கு 350 கிலோ. ஏழு மூட்டை சிமெண்டை ஒரே கையால் இழுத்துப் பிடிப்பதற்குச் சமம்.

நம் ஊர் வழக்கத்தில் சாய்ப்புக் காலுக்கு எடுக்கும் குழி ஒன்றரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். அதில் பிடிக்கும் கான்கிரீட் மூன்றே கால் கன அடிக்குச் சற்று அதிகம். கன அடிக்கு 68 கிலோ வீதம் எடை 230 கிலோ. 350 கிலோ தேவைப்படும் இடத்தில் 230தான் இருக்கிறது. சாய்ப்பு வயலுக்குப் போனதில் வியப்பில்லை.

நனைந்த தரை அரைத் தரை

கணக்கு இத்துடன் முடியவில்லை. நம் பகுதியில் புயல் வருவது சித்திரையிலும் வைகாசியிலும் அல்ல. பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான். அப்போது தரை ஊறிப் போயிருக்கும். 2024 நவம்பர் 30 அன்று ‘ஃபெஞ்சல்’ புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 48 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. டிசம்பர் 2ஆம் தேதி சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணை பெருக்கெடுத்துப் பாகூர் கொம்யூன் கிராமங்களுக்குள் புகுந்தது நினைவிருக்கும்.

தண்ணீருக்குள் நிற்கும் கான்கிரீட் தன் எடையில் ஒரு பகுதியை இழந்துவிடும். கிணற்றுக்குள் இருக்கும் குடம் இலேசாக இருப்பதும், தண்ணீர் மட்டத்துக்கு மேலே வந்ததும் கனப்பதும் நாம் அறிந்ததுதான். வெளியே 68 கிலோ உள்ள ஒரு கன அடி கான்கிரீட், நீர் நிரம்பிய குழிக்குள் 40 கிலோதான். ஆக, நம் 230 கிலோ உருண்டை மழைக்காலத்தில் 135 கிலோவாகிவிடுகிறது. சுற்றியுள்ள மண்ணின் பிடிப்பும் நெகிழ்ந்துவிடுகிறது.

ஃபெஞ்சலில் காற்று மணிக்கு 70, 80 கி.மீ. அளவிலும் இடையிடையே 90 கி.மீ. வரையிலும்தான் இருந்தது. 90 கி.மீ. காற்றில் இதே சாய்ப்பின் ஒரு காலுக்கு வரும் இழுவை 100 கிலோவை ஒட்டித்தான். அதனால் பல சாய்ப்புகள் நின்றன. ‘ஃபெஞ்சலையே தாங்கிவிட்டது’ என்று யாராவது மனம் நிறைந்திருந்தால் அது தவறான தைரியம். அந்தக் காற்று சோதித்தது 100 கிலோவை. தானே கேட்டது 350 கிலோவை.

மேற்கே களி, கிழக்கே மணல், நடுவே நிரப்பிய மண்

புதுவை–கடலூர் சாலையின் இருபுறமும் கடை வைத்திருப்பவர்கள் தங்கள் காலடி மண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும். மேற்கே பாகூர்ப் பக்கம் போகப் போக வயல் மண், களி. கிழக்கே கடற்கரைக் குப்பங்களின் பக்கம் போகப் போக மணல். சாலையோரக் கடைகள் பலவும் நிற்பது இரண்டிலும் அல்ல. பள்ளத்தை மேடாக்க லாரியில் கொட்டிய மண்ணில் நிற்கின்றன.

களிமண் கோடையில் சுருங்கி வெடிக்கும். அப்போது கான்கிரீட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே விரல் நுழையும் அளவு இடைவெளி விழும். மழையில் அந்த இடைவெளி வழியே தண்ணீர் இறங்கும். மணல் உலர்ந்திருக்கும்போது இறுகிப் பிடிக்கும். தண்ணீர் நிறைந்தால் பிடி தளரும். மூன்றிலும் மோசமானது கொட்டி மேடாக்கிய மண். திமிசு போடாமல் விட்டால் எத்தனை ஆண்டு ஆனாலும் அது சொந்தத் தரை ஆகாது.

தன் இடத்து மண் எது என்று அறியப் பரிசோதனைச் சாலைக்குப் போக வேண்டியதில்லை. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதி மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஓரிரு நிமிடங்களில் அடியில் படிவது மணல். அதன்மேல் அரைமணி அளவில் படிவது வண்டல். நெடுநேரம் கலங்கியே நின்று மறுநாள் தெளியும்போது மேலே படிந்திருப்பது களி. எது அதிகம் என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

மண்ணையும் வலுப்படுத்தலாம்

தரை சரியில்லை என்றால் இடத்தை மாற்ற முடியாது. ஆனால் மண்ணை மாற்ற முடியும். இதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஆரோவில்லில் எடுத்துக்காட்டு உண்டு. அங்கே 1989க்கும் 1992க்கும் இடையில் கட்டிய பார்வையாளர் மையம், மண்ணோடு 5 சதவீதம் சிமெண்ட் கலந்து அழுத்திய கற்களால் எழுந்தது. 1992இல் எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி பெயரிலான சர்வதேச விருதையும் பெற்றது. அதே அளவு சிமெண்ட் கலந்து திமிசு போட்டு இறுக்கிய மண்ணையே அஸ்திவாரமாகப் போடும் முறையையும் ஆரோவில் மண் கட்டடக் கழகத்தார் கையாண்டு வருகிறார்கள்.

நம் சாய்ப்புக்கு அதே முறை உதவும். நிரப்பிய மண்ணாக இருந்தால், கால் வரும் இடத்தில் நான்கடிச் சதுரத்துக்குத் தோண்டி எடுத்து, அந்த மண்ணையே சலித்து, சிமெண்ட் கலந்து, அரை அடி அரை அடியாகப் போட்டுத் திமிசுக் கட்டையால் இடிக்க வேண்டும். இறுகிய மண் கன அடிக்குச் சுமார் 50 கிலோ. எனவே 5 சதவீதம் என்பது 20 கன அடி மண்ணுக்கு ஒரு மூட்டை சிமெண்ட். மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், ஆனால் கையில் தண்ணீர் ஒட்டக் கூடாது. அதுவே சரியான ஈரம். முடிந்தபின் நனைத்த சாக்குப் போட்டு நான்கு வாரம் ஈரம் காக்க வேண்டும்.

சிமெண்ட் கலப்பது மணற்பாங்கான மண்ணுக்கு. களி மிகுந்திருந்தால் சிமெண்ட் சரியாகக் கலக்காது. நீற்றிய சுண்ணாம்பு 5, 6 சதவீதம் கலந்து, ஒரு நாள் ஊறவிட்டு, பிறகு இடிப்பதே நல்லது. சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும். அவசரப்படுபவர்களுக்கு அது ஒத்துவராது.

இங்கே பலர் செய்யும் தவறு

இப்படி இறுக்கிய தரை காலால் தட்டிப் பார்த்தால் கல்லாக இருக்கும். உடனே சிலர் டிரில் போட்டுத் துளைத்து ஆங்கர் போல்ட்டை முறுக்கி, பேஸ் பிளேட்டை மாட்டிவிடுகிறார்கள். இது கூடவே கூடாது.

மண் கற்களுக்கான இந்தியத் தர நிர்ணயம் 1725, அதன் 1982ஆம் ஆண்டுப் பதிப்பில், சதுர சென்டிமீட்டருக்கு 20 கிலோ, 30 கிலோ என இரண்டு தரங்களை வைத்தது. நாம் சாதாரணமாகப் போடும் எம்-20 கான்கிரீட்டோ ஏறக்குறைய 200 கிலோ தாங்கும். ஆங்கர் போல்ட் பிடிப்பது பக்கவாட்டில் விரிந்து நெருக்குவதால். கான்கிரீட் அந்த நெருக்கலைத் தாங்கும். சிமெண்ட் கலந்த மண் பொடிந்துவிடும். போல்ட் முறுக்கும்போது இறுக்கமாகத்தான் தெரியும். காற்றில் நாலு ஆட்டம் ஆடியதும் துளை பெரிதாகிவிடும்.

ஆகவே ஒன்றை மனதில் கொள்வோம். வலுப்படுத்திய மண் கான்கிரீட்டைத் தாங்குவதற்கு. கான்கிரீட் போல்ட்டைப் பிடிப்பதற்கு. மண்ணில் நேரே போல்ட் போடுவதற்கு அல்ல.

குழி எப்படி இருக்க வேண்டும்?

இரண்டடிக்கு இரண்டடி, ஆழம் இரண்டரை அடி. மொத்தம் 10 கன அடி. எடை 680 கிலோ. தண்ணீர் நிறைந்தாலும் 400 கிலோ நிற்கும். தானே அளவுக் காற்றுக்கு ஒரு காலுக்கு வேண்டியது 350. மண்ணின் பிடிப்பை இதில் சேர்க்கவில்லை. அது கையிருப்பு.

குழியின் வடிவமும் முக்கியம். கடப்பாரையால் தோண்டும்போது மேலே அகன்று கீழே குறுகுவதுதான் வழக்கம். அது முள்ளங்கி வடிவம், பிடுங்குவதற்கு ஏற்றது. கீழே அகன்றிருக்க வேண்டும். மரவள்ளியைப் பிடுங்கிப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கிழங்கு பரந்திருப்பதால் மண்ணையும் சேர்த்துத் தூக்கினால்தான் வரும்.

காலை நேரே குழியில் நிறுத்துவதாக இருந்தால், அடியில் ஓரடி நீளத்தில் 12 எம்.எம். கம்பி இரண்டைக் குறுக்காக வெல்டு செய்ய வேண்டும். வழுவழுப்பான பைப் கான்கிரீட்டிலிருந்து உருவிக்கொண்டு வருவதை இது தடுக்கும். பேஸ் பிளேட் வைப்பதாக இருந்தால், 16 எம்.எம். ஜே போல்ட் நான்கை ஒன்றரை அடி ஆழத்துக்குக் கம்பிக் கூட்டோடு கட்டி, கான்கிரீட்டோடு சேர்த்து ஊற்ற வேண்டும்.

கான்கிரீட் தரைமட்டத்துக்கு அரை அடி மேலே வந்து, தண்ணீர் வழியும்படி சரிவாக முடிய வேண்டும். நம் பகுதியில் கடற்காற்று உண்டு. தரை தொடும் இடத்தில்தான் பைப் முதலில் துருப்பிடிக்கிறது. மேலே பளபளவென்று பெயிண்ட் அடித்து, அடியில் காகிதம்போல் ஆகிவிட்ட கால்களை நாம் எத்தனையோ பார்த்திருக்கிறோம்.

இதைவிட நல்ல வழியும் உண்டு

சாய்ப்புக்கு அடியில் எப்படியும் தளம் போடப் போகிறோம். அந்தத் தளத்தையே நங்கூரமாக்கிக் கொள்ளலாம். 20 அடிக்கு 10 அடியில் நான்கு அங்குலத் தளம் என்றால் 67 கன அடி கான்கிரீட். எடை 4,500 கிலோ. 180 கி.மீ. காற்றின் தூக்குவிசையே 2,800 கிலோதான். ஆனால் கால்களைத் தனியே நட்டு, தளத்தைத் தனியே ஊற்றினால் அந்த எடை முழுவதும் சும்மா கிடக்கும். விளிம்பில் ஓரடி ஆழத்துக்குத் தடித்த பட்டை விட்டு, கம்பி கட்டி, கால்களின் போல்ட்டை அந்தக் கம்பியோடு பிணைத்து, தளத்தையும் கம்பி வலையோடு ஒரே தடவையில் ஊற்ற வேண்டும். அடியில் வலுப்படுத்திய மண் இருந்தால் தளம் இறங்காது, வெடிக்காது.

உலகத்தில் வேறு வழிகளும் உண்டு. 1833இல் அலெக்சாண்டர் மிட்செல் என்ற அயர்லாந்துப் பொறியாளர், இளமையிலேயே பார்வையை இழந்தவர், திருகாணிபோல் மண்ணுக்குள் முறுக்கி இறக்கும் இரும்புக் காலுக்குக் காப்புரிமை பெற்றார். தேம்ஸ் முகத்துவாரத்து மணலில் கலங்கரை விளக்கமே அதன்மேல் எழுந்தது. இன்று சோலார் தகடுகளின் கால்களுக்கு அதே முறை பயன்படுகிறது. மணல் பக்கத்து நண்பர்கள் கேட்டுப் பார்க்கலாம். இடித்து இறுக்கிய தரையில் அது இறங்காது.

பெயர்ப் பலகைக்கு ஒரு சொல். ஒற்றைக் கம்பத்தில் உயரே நிற்கும் போர்டை காற்று தூக்குவதில்லை, சாய்க்கிறது. அதற்கு எடையைவிட ஆழம் முக்கியம். எட்டடிக்கு நாலடி போன்ற பெரிய போர்டை இரட்டைக் கம்பத்தில் நிறுத்துவதும், பொறியாளர் ஒருவரைக் கேட்டு ஆழம் முடிவு செய்வதும் நலம்.

கணக்கு முடிவாக

ஒன்றரை அடிக் குழி நான்குக்கு, 1:2:4 கலவையில், இரண்டரை மூட்டை சிமெண்ட் ஆகிறது. நாம் சொல்லும் குழி நான்குக்கு ஏழு மூட்டை. வித்தியாசம் நாலைந்து மூட்டை சிமெண்ட், அதற்கேற்ற ஜல்லி, மணல், ஒரு ஆள் கூலி. சாய்ப்பின் மொத்தச் செலவில் இது சிறு பகுதி. இதை மிச்சப்படுத்தித்தான் மற்றதையெல்லாம் காற்றுக்குக் கொடுக்கிறோம்.

உறுப்பினர்கள் இந்தப் பருவத்துக்கு முன் செய்ய வேண்டியவை:

1. சாய்ப்புக் காலின் அடியைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்து, கான்கிரீட்டின் அளவையும் பைப்பின் துருவையும் கவனிக்க வேண்டும்.

2. கால் சுற்றி மண் விலகியிருந்தால் சுண்ணாம்பு அல்லது சிமெண்ட் கலந்த மண்ணை ஈரத்தோடு இடித்து அடைக்க வேண்டும். வெறும் மண்ணைத் தள்ளி மூடுவது பயனில்லை.

3. புதிதாகப் போடுபவர்கள், கான்கிரீட் ஊற்றுமுன் குழியையும் கம்பியையும் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மூடியபின் யாருக்கும் தெரியாது.

4. கடைக் காப்பீட்டுப் பத்திரத்தில் முன்சாய்ப்பும் போர்டும் சேர்ந்திருக்கின்றனவா என்று முகவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

5. பொது வழியில் கால் ஊன்றக் கூடாது. கொம்யூன் பஞ்சாயத்து அகற்றச் சொன்னால் எவ்வளவு நல்ல குழியும் வீண்.

கடைசியாக, இரும்புக் கடை வைத்திருக்கும் நம் சக வியாபாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். ‘அண்ணே, சாய்ப்புக்கு நாலு பைப் கொடுங்க’ என்று ஒருவர் வந்து நின்றால், பைப்பின் கேஜைக் கேட்பதோடு குழியின் ஆழத்தையும் கேளுங்கள். நாம் இப்போது கேட்கிறோம். சிலர், ‘கூட நாலு மூட்டை சிமெண்ட் விற்கப் பார்க்கிறீர்கள்’ என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். தானே அடித்த காலையில் நம் சாய்ப்பு கிளம்பிப் போன வழியில், நல்ல வேளையாக, யாரும் வந்துகொண்டிருக்கவில்லை. அந்த நல்ல வேளையை நம்பி இன்னொரு சாய்ப்பை நாம் விற்பதற்கில்லை.